சோளத்தில் செய்த பாட்டில் மட்குமா?

கேள்வி: ‘சோளத்தில் செய்தது’ என்று எழுதியிருந்த தண்ணீர் பாட்டிலை எருக்குழியில் போட்டேன். ஆறு மாதமாகியும் அப்படியே கிடக்கிறதே, ஏமாற்றா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஏமாற்று இல்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்; உங்கள் பாட்டில் அதுதான். அந்தச் சங்கிலி ஈரத்திலும் சூட்டிலும் துண்டுதுண்டாக அறுபட்ட பிறகே நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். அதற்குச் சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். வீட்டுக் குழி சூடேறினாலும் சீக்கிரம் ஆறிவிடும். எடுத்துவிடுங்கள்.

மறுசுழற்சிக்குப் போகும் பழைய பெட் (வழக்கமான தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) பாட்டில்களோடும் சேர்க்காதீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டுமே தண்ணீரில் மூழ்கும் என்பதால் மிதக்கவிட்டும் பிரிக்க முடியாது. மறுசுழற்சி ஆலையில் பெட் துகளை 160 டிகிரியளவில் உலர்த்தும்போது பி.எல்.ஏ. இளகி, துகள்களைக் கட்டியாக ஒட்டவைத்துவிடும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 இருந்தால் பெட். பி.எல்.ஏ. 7-இல் வரும், ஆனால் 7 என்பது ‘மற்றவை’ எல்லாவற்றுக்கும் பொது, பி.எல்.ஏ. என்ற எழுத்தையும் தேடிப் பாருங்கள். பி.எல்.ஏ. பாட்டிலில் வெந்நீர் வேண்டாம், 60 டிகிரியிலேயே நெளியும். சோடாவுக்கும் சரிப்படாது, வாயு கசிந்துவிடும்.

கேள்வி: கோக்கின் ‘பிளான்ட்பாட்டில்’ மட்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மட்காது. 2009-இல் வந்த அதில் 30 சதவீதம் வரை கரும்பு போன்ற தாவரங்களிலிருந்து எடுத்த கிளைகால், பெட்டின் இரு மூலப்பொருள்களில் ஒன்று. மீதி இன்னொன்றான, பெட்ரோலியத்து டெரிப்தாலிக் அமிலம். சேர்ந்து கிடைப்பது வழக்கமான பெட்தான். பெட் பாட்டில்களோடு தயங்காமல் போடலாம்.