தங்கச்சியின் ஃபோனில் எங்கள் ஊர் நோயாளிகள்

கேள்வி: நான் சத்திரசிகிச்சை நிபுணர் பயிற்சியில் இருக்கிறேன். சீனி வருத்தத்தால் கால் அகற்றப்பட்டவர்களைப் பற்றி, வன்னி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வு செய்து கட்டுரை எழுதியிருக்கிறேன். வேலைப்பளுவால் வார்டு டிக்கெட்டுகளை (நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை) படம் எடுத்து அனுப்பினேன், ஏ.எல். படிக்கும் தங்கச்சிதான் எக்ஸெலில் ஏற்றித் தந்தாள். கட்டுரையை வாசிக்கவே வாசிக்காத இரண்டு சீனியர்கள் தங்கள் பெயரையும் போடச் சொல்கிறார்கள். மறுத்தால் பகை வரும். என்ன செய்யலாம்?
– மல்லாவி வாசகர்

பதில்: தம்பி, பெயர் விஷயம் எனக்குப் பழகிப்போன புலம்பல். கட்டுரையில் ஒருவர் பெயரைப் போட, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ கை, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பிழை வந்தால் பொறுப்பு. நான்கும் வேண்டும். 2013இல் சேர்த்த அந்த நான்காவதைச் சொல்லிப் பாருங்கள்: "நாளைக்குக் கணக்குப் பிழை என்று யாரும் கேட்டால் நீங்களும் பதில் சொல்லவேணும், சேர்." பாதிப்பேர் அதிலேயே கழன்றுவிடுவார்கள்.

அதை விடுங்கள். தங்கச்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்களே! படத்தில் பெயரையாவது மறைத்தீர்களா? மறைத்தும் என்ன பயன்? இப்படி ஒரு டிக்கெட் என்று வையுங்கள்: ஆண், 54 வயது, விசுவமடு, மீன் வியாபாரம், வலது கால் முழங்காலுக்குக் கீழே. இதற்கு மேல் பெயர் எதற்கு? போர் எத்தனையோ கால்களைக் கொண்டுபோன மண் இது. யாருடைய கால் எப்படிப் போனது என்பது ஊருக்கே மனப்பாடம். குடிக்கிறதையும் மருந்தை விட்டதையும் அந்த மனுஷன் டொக்டரிடம்தான் சொன்னார், உங்கள் வீட்டுக் குசினியில் அல்ல. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், தரவு ஏற்றுபவர் என் தங்கச்சி என்று எழுதினீர்களா?

அவளுக்கும் சோதனை வருகிறது. வீட்டில் ஒருவன் டொக்டராகிவிட்டால் மற்றவர்கள் அவனுக்குக் கையாளாக வேண்டும் என்று எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. அண்ணன் என்றால் அவளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்க வேண்டியவன்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பாதீர்கள். முதலில் உங்களை மேற்பார்வை செய்யும் நிபுணரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், அப்புறம் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். அவர்கள் சொல்கிறபடி இரண்டு ஃபோன்களிலும் உள்ள படங்களை அழியுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். தரவு ஏற்றியதற்காக மட்டும் தங்கச்சி கட்டுரையாசிரியர் ஆகமாட்டாள். ஆனால் அவள் சம்மதித்தால் நன்றிப் பகுதியில் பெயர் போடலாம். குழு தொடர விட்டால், மிச்ச டிக்கெட்டுகளை ஆஸ்பத்திரியில் இருந்து நீங்களே ஏற்றுங்கள்.