வெற்று உறையில் ஒரு பளபள வளையம்: மலிவான இறக்குமதி ரைஃபிள் பற்றி

கேள்வி: இறக்குமதியான பழைய ராணுவ போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். முதலில் வேறொரு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டு, பின்னர் 7.62×51-க்கு மாற்றப்பட்டது என்றார்கள். .308 வின்செஸ்டர் தோட்டாக்கள் 20 சுட்டுப் பார்த்தேன். வெற்று உறைகளின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறது. ‘ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், 50 சுட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் வாங்கிக் கொடுத்த தரகர். தொடர்ந்து சுடலாமா?

பதில்: வேண்டாம். அந்த வளையம் எதனால் வந்தது என்று தெரியும்வரை இன்னொரு தோட்டாவைக்கூட அதில் ஏற்றாதீர்கள். 50 சுட்டால் சரியாகும் என்பது போல்ட்டின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தை அடைக்கும் எஃகுத் தண்டின், கரகரப்புக்கு வேண்டுமானால் பொருந்தும். உங்கள் உறைகளில் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுடச்சுடப் பெரிதாகும் குறையைச் சுடச்சுடச் சரியாகும் என்று சொல்வது இந்தத் தொழிலில் தரகர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் பொய்.

தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளிப் போல்ட்டை மூடும்போது, போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் தோள்பகுதி (உறை குறுகும் இடம்) போய் முட்டும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். இது கூடிவிட்டால், அடிக்கும் ஊசி தோட்டாவை முன்னால் தள்ளுகிறது. மருந்து பற்றியதும் உறையின் முன்பாதி விரிந்து அறைச்சுவரைக் கவ்விக்கொள்கிறது. பின்பாதிக்கோ பின்னால் தாங்கல் இல்லாததால் அது போல்ட்டின் முகத்தைத் தொடும்வரை இழுபடுகிறது. இப்படி இழுபட்ட இடத்தில் பித்தளை மெலிகிறது. அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் தெரியும் அந்த வளையம்தான் மெலிவின் வெளி அடையாளம். அடுத்த கட்டத்தில் உறை அங்கேயே இரண்டாகப் பிரியும். .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4,150 பார். காரின் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். பிரிந்த உறை வழியாக அந்தக் காற்று பின்னோக்கி வந்தால் அங்கே இருப்பது உங்கள் முகம்.

உங்கள் ரைஃபிளில் இது நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 7.62×51 என்ற ராணுவத் தோட்டாவும் .308 வின்செஸ்டரும் வெளி அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ராணுவத்துக்காக வெட்டப்படும் அறை, சேறும் மணலும் படிந்த தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்பதால், சற்று நீளமாக இருக்கும். ராணுவ உறை பொதுவாகத் தடிமனானது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமான அந்தக் கூடுதல் நீளத்தைத் தாங்கிக்கொள்ளும். கடையில் வாங்கும் .308 உறை பெரும்பாலும் அதைவிட மெல்லியது. நல்ல நிலையிலுள்ள துப்பாக்கியில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. மாற்றியமைத்தவர் அறையை ஆழமாக வெட்டியிருந்தாலோ, போல்ட்டைத் தாங்கும் இடம் ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ, எல்லாம் ஒன்றுசேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும்.

நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. காகிதம் செருகும் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியில் இரண்டு மில்லிமீட்டரை ‘ட’ போல மடக்கி, நுனியைக் கூராக உரசிக்கொள்ளுங்கள். அதை வெற்று உறையின் வாய் வழியாக அடிவரை விட்டு, உட்சுவரை உரசியபடி மெல்ல மேலே இழுங்கள். எந்தத் தோட்டாவிலும், அடிப்பாகம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் வெளிப்புறம் ஒரு மங்கலான தடம் விழுவது சகஜம். உள்ளே கம்பி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தத் தடத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. வளையத்துக்கு நேராகக் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கினால் உறை மெலிந்திருக்கிறது என்று பொருள். ஐந்தாறு உறைகளில் பாருங்கள். ஒன்று தடுக்கினாலும் போதும். ரைஃபிளைப் பூட்டி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநரிடம் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்வது. ‘கோ’ என்ற எஃகுக் கட்டையின் மேல் போல்ட் மூடவேண்டும். ‘நோ-கோ’ என்பதன் மேல் மூடக்கூடாது. .308-க்கு இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். இவ்வளவு நுட்பமான ஒன்றைத் தரகர் போல்ட்டை இரண்டு தடவை இழுத்து மூடிக் காட்டி ‘கச்சிதம்’ என்று சொன்னதை நம்பி நீங்கள் சுட்டிருக்கிறீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. துப்பாக்கி வாங்கும் மனிதரின் கைரேகையிலிருந்து முகவரி வரை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் சரிபார்க்கும் அலுவலகங்கள், அந்தத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் ஐந்து நிமிடம் ஒரு கேஜைப் போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்வதில்லை. ஆள் சரியா என்று பார்ப்பார்கள். ஆயுதம் வெடித்து அந்த ஆளின் கண் போனால் அது கோப்பில் வராது.

‘இதில் சோதனை முத்திரை இருக்கிறதே’ என்று தரகர் காட்டுவார். சோதனை முத்திரை மதிப்புள்ளதுதான். லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் இதற்கென அமைப்புகள் உண்டு. 1914-இல் தொடங்கிய சி.ஐ.பி. என்ற பன்னாட்டு அமைப்பின் விதிப்படி ரைஃபிளில் உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு அதிகமான சோதனைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த பிறகே முத்திரை விழும். அமெரிக்காவில் இப்படிச் சட்டக் கட்டாயம் கிடையாது. அங்கே எல்லாம் உற்பத்தியாளரின் பொறுப்பு. ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கியமானது வேறு: முத்திரை விழுந்த நாளில் அந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்காக இருந்ததோ அதற்கே அது சாட்சி. பிறகு அறையை வெட்டி வேறு தோட்டாவுக்கு மாற்றினால் மறுபடி சோதித்துப் புது முத்திரை இட வேண்டும். பழைய முத்திரையைக் காட்டிப் புதிய அறையை விற்பது, பழைய வண்டியின் தகுதிச் சான்றிதழை வேறு எஞ்சின் பொருத்திய வண்டிக்கு ஒட்டுவதைப் போன்றது. எந்த வகை ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் எஃகு உடல்) என்றும் கேளுங்கள். ஜெர்மானிய வடிவமைப்பான மவுசர் 98-இல், போல்ட்டை ரிசீவரில் பூட்டி நிறுத்தும் பூட்டுப் புடைப்புகள் முன்னால் இரண்டும் பின்னால் காப்புக்காக மூன்றாவதும், உறை கிழிந்தால் காற்று வெளியேறத் துளைகளும் உண்டு. அதற்கு முந்தைய 93 வகையில் அந்த மூன்றாவது புடைப்பு இல்லை. அதை உயர் அழுத்தத் தோட்டாவுக்கு மாற்றியிருந்தால், கேஜ் சரியாகக் காட்டினாலும் நான் அதைச் சுடமாட்டேன்.

போல்ட்டில் பொறித்த எண்ணும் ரிசீவரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் வேறானால் பெட்டியில் கிடந்த ஏதோவொரு போல்ட்டைச் செருகியிருக்கிறார்கள் என்று கருதிவிடலாம். இதற்கு ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதைத் தெரியாமல் நல்ல துப்பாக்கியைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. சோவியத் ஆயுதக் கிடங்குகளில் போருக்குப் பின் மோசின் நகாந்த் ரைஃபிள்களை மொத்தமாகப் பிரித்துச் சீரமைத்தார்கள். அப்போது கையில் கிடைத்த போல்ட்டைப் பொருத்தி, அளவு சரிபார்த்து, அதில் இருந்த பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, ரிசீவரின் எண்ணை மறுபடி பொறித்தார்கள். சிலவற்றில் மின்பேனாவால் கையெழுத்தாகவே எழுதினார்கள். ஆகவே மோசினில் அடித்த எண்ணும் அருகே புது எண்ணும் இருந்தால், பார்க்க அசிங்கமாக இருந்தாலும், ஒருவர் உட்கார்ந்து பொருத்தியிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். அடித்த தடமே இல்லாமல் இரண்டு எண்ணும் அச்சாகப் பொருந்தி, போல்ட்டின் எண்மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்; விலையைக் கூட்ட எண்ணைத் தேய்த்துப் புதிதாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விலக்கு மோசினுக்கு. அதை உங்கள் ரைஃபிளுக்கு நீட்டித் தரகர் வாதாடினால் கேட்காதீர்கள்.

மலிவு என்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. கரகரக்கும் போல்ட், சொரசொரப்பான கட்டை, பிளாஸ்டிக் மேகசின் எல்லாம் விலையைக் குறைக்கும் வழிகள். அவற்றால் யாருக்கும் காயம் வராது. குழலை மரையுள்ள ‘நட்’ ஒன்றால் இறுக்கும் புதிய மலிவு ரைஃபிள்களில் ஹெட்ஸ்பேஸைத் துல்லியமாக அமைப்பது உண்மையில் சுலபம். விலைக்கும் உள்ளே இருக்கும் எஃகுக்கும் நேர்த் தொடர்பும் இல்லை: அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையிலேயே, 1903 மாதிரியின் 8,00,000-க்குக் குறைந்த எண்கள் கொண்ட ரிசீவர்கள் காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பதப்படுத்தப்பட்டதால், அவற்றில் சில நொறுங்கின.

கரகரப்பைப் போக்கிக் கொடுக்கிறேன் என்று பூட்டுப் புடைப்புகளில் தேய்ப்புப் பசையைத் தடவி உரசித் தருபவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். இழுவை வெண்ணெய்போல ஆகும்; ஹெட்ஸ்பேஸும் கூடிவிடும். நீங்கள் வாங்குவதற்கு முன்பே யாராவது அப்படிச் செய்திருக்கவும் கூடும்.

பழுதுநரிடம் போகும்போது சேஃப்டியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். காலி ரைஃபிளில் சேஃப்டியைப் போட்டு, விசையைப் பலமாக இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுக்கும்போது ஊசி தானாக விழக்கூடாது. போல்ட்டை வேகமாக அடித்து மூடினாலும் விழக்கூடாது. கிடங்குக் கிரீஸ் போல்ட்டுக்குள் உறைந்து கிடந்தாலும் ஊசி மாட்டிக்கொள்ளும். போல்ட்டைப் பிரித்துக் கழுவுவது உங்கள் வேலை இல்லை.

சுட்ட 20 உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். சுட்ட வரிசை நினைவிருந்தால் எண்ணிட்டு, மிச்சத் தோட்டாக்களின் பெட்டியோடு சேர்த்து எடுத்துப்போங்கள். கேஜில் வந்த அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; நோ-கோ மீது போல்ட் மூடுகிறது என்று அதில் இருந்தால், தரகரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ஒரு தாள் போதும். மாற்றுப் போல்ட் தருகிறேன் என்று அவர் சொன்னால், அதையும் அதே கேஜில் வைத்துப் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.