ஐ.இ.எல்.டி.எஸ். கிராமர் சந்தேகமா? கேளுங்க

வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் கேட்கிற ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு வேளச்சேரியில் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் கிராமர் பற்றியவை மட்டும் இங்கே.

தாம்பரத்தில் நர்ஸாக இருக்கிறேன் மேடம். ரைட்டிங்கில் ரெண்டு தடவையும் ஒன்பதுக்கு 6-தான். 'எ' (a), 'த' (the) எங்கே போடணும்னு விதியெல்லாம் மனப்பாடம். எழுதும்போது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

விதிப் புத்தகத்தை மூடி வைங்கம்மா. 'புடவை வாங்கினேன்', 'புடவையை வாங்கினேன்' ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. முதலாவது, ஏதோ ஒரு புடவை. ரெண்டாவது, போன வாரம் தி.நகரில் பார்த்துவிட்டு மனசில்லாமல் வைத்துவிட்டு வந்தோமே, அந்தப் புடவை. அந்த 'யை' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'த' செய்கிறது: 'ஐ பாட் எ சாரி', 'ஐ பாட் த சாரி'. ஆட்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. 'டாக்டரைப் பார்த்தேன்' என்று எப்போதும் உருபோடுதான் சொல்கிறோம். அங்கே, 'எந்த டாக்டர்?' என்று எதிராளி கேட்பாரா என்று பாருங்க. கேட்பாரென்றால் 'எ'. அவருக்கே தெரியுமென்றால் 'த'. 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' மாதிரி எண்ண முடியாத சொற்களுக்கு 'எ' வராது, கடைசியில் 'ஸ்' சேர்ப்பதும் கிடையாது.

பயிற்சிக்கு, ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியை 'எ', 'த' இல்லாமல் நோட்டில் எழுதி வைங்க. மறுநாள் பேப்பரைப் பார்க்காமல் நிரப்பி, ஒப்பிடுங்க. பத்து நிமிஷ வேலை.

'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று எழுதினேன், சுழித்துவிட்டார்கள். ஏன்? (அம்பத்தூர்)

தமிழில் எப்படிச் சொல்வீங்க தம்பி? 'தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்.' 'தெரிஞ்சிருப்பேன்னா வந்திருப்பேன்' என்று யாராவது சொல்வார்களா? 'இருந்தா' பக்கம் 'ஹேட்', 'இருப்பேன்' பக்கம் 'வுட் ஹேவ்'. 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' அவ்வளவுதான்.

'ஹார்ட்லி ஹேட் ஐ…' மாதிரி தலைகீழ் வாக்கியம் கட்டுரைக்குக் குறைந்தது மூன்று வேண்டும் என்று கோச்சிங்கில் சொல்கிறார்களே?

எனக்கு இதில் கோபமே வரும். ரைட்டிங் மதிப்பெண்ணில் கிராமருக்கு நாலில் ஒரு பங்கு. 7 வேண்டுமென்றால் பலவகை வாக்கியங்களும் வேண்டும், பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடியும் வர வேண்டும். கல்யாண வீட்டில் பாயசம் மூன்று தடவை பரிமாறினால் யார் சாப்பிடுவார்? இடம் பொருந்தினால் ஒன்று எழுதுங்க. 'ஹார்ட்லி'க்கு 'வென்', 'நோ சூனர்'க்கு 'தேன்'. இதை மாற்றிப் போட்டவர்கள்தான் என் வகுப்பில் அதிகம்.

'ஐ ஆம் லிவிங் இன் சென்னை ஃபார் டென் இயர்ஸ்' சரியா?

தப்பு. 'பத்து வருஷமா இருக்கேன்' என்ற நம் நிகழ்காலம் உள்ளே புகுந்துவிட்டது. 'ஐ ஹேவ் லிவ்டு.'

நான் கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்டு என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். கொடுத்த சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றும் பகுதி கைகூடவில்லை.

அதில் 6 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். கொடுத்த சொல்லையும் சேர்த்து 3 முதல் 6 சொற்கள். அந்தச் சொல்லின் வடிவத்தை மாற்றக் கூடாது. 'ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்' என்பதை 'ரிக்ரெட்' வைத்துச் சொன்னால் 'ஐ ரிக்ரெட் நாட் ஸ்டடியிங்'. இப்படி ஜோடி ஜோடியாக நோட்டில் சேருங்க. விடையைப் பார்த்துத் தலையாட்டினால் எதுவும் ஒட்டாது.

ஸ்பீக்கிங்கில் தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளலாமா?

தாராளமாக. ஒரு தடவை திருத்திவிட்டு மேலே பேசிக்கொண்டே போங்க. 'சாரி, சாரி' வேண்டாம்.