யுரேனியம் வாங்குன செலவ அந்த வருஷமே வரியில கழிச்சிரலாமா?

அண்ணாச்சி கேட்டது அமெரிக்கா கணக்கு, அதனால அத மட்டும் சொல்லுதேன். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிஞ்சா அன்னைக்கே சாம்பல், செலவும் அந்த வருஷத்தோட முடிஞ்சிரும். யுரேனியம் அப்படி கிடையாது, நம்ம கூடங்குளத்துல ஒரு உலைக்கு 163 எரிபொருள் கட்டு உள்ள இருக்கு, ஒரு கட்டு போட்டா வருஷக்கணக்குல கெடந்து வெந்துட்டே இருக்கும், அதான் அமெரிக்க வரித்துறை அத எரிபொருளா பாக்காம மெஷின் மாதிரி ஒரு சொத்தா பாக்குது. யுரேனியம் வாங்குறது, செறிவூட்டுறது, கட்டா செய்யுறது எல்லாச் செலவையும் மொதல்ல சொத்துக் கணக்குல ஏத்தணும், அப்புறம் பயன்பாட்டுக்கு வந்த வருஷத்துல இருந்து 5 வருஷ வகுப்புல தேய்மானம், அதாவது அந்தச் செலவ வருஷா வருஷம் பிரிச்சு வரியில கழிக்கிறது. வழக்கமான அட்டவணைப்படி மொத வருஷம் 20%, ரெண்டாவது வருஷம் 32%, அப்புறம் 19.2%, 11.52%, 11.52%, கடைசியா ஆறாவது வருஷம் 5.76%. அஞ்சு வருஷம்னு சொல்லிட்டு ஆறுல முடிக்காவளேன்னு கேக்காதீய, மொத வருஷத்த பாதி வருஷமாத்தான் கணக்குல எடுப்பாவ, மிச்சப் பாதி ஆறாவது வருஷத்துக்குப் போயிரும்.

ஆனா கம்பெனி தன் புத்தகத்துல இப்படி எழுதாது, எவ்வளவு வெப்பம் எடுத்தோமோ அந்த அளவுக்குத்தான் செலவு. ரெண்டு கணக்கும் ஒத்துப்போகாது, வரியில முன்னாடியே கூடக் கழிச்சதுக்கு பின்னாடி கட்ட வேண்டியத ஒத்திவச்ச வரின்னு தனியா காட்டுவாங்க. ஆடிட்டருக்கு தலைவலியே இதுதான்.