மின்சாரக் காருக்குள் கியரும் பட்டன்களும் எங்கே போயின?

மின்சாரக் காரில் முதல்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது.

கியர் போனதற்குக் காரணம் மோட்டார். பெட்ரோல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேக வரம்பில் சுற்றினால்தான் நன்றாக இழுக்கும். அதற்காகவே பல கியர்கள். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே பலமாக இழுக்கும். பின்னால் போக வேண்டுமா, அப்படியே எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் பெரும்பாலான கார்களுக்கு ஒரே கியர் போதும். முன்னே, பின்னே என்று சொல்ல ஒரு சின்னத் திருகு குமிழோ, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சியோ இருந்தால் சரி. கால் வைக்கும் தரையும் பல கார்களில் மேடில்லாமல் சமமாக இருக்கும்.

பட்டன்கள் தொடுதிரைக்குள் போன கதை வேறு. 2012-ல் 17 அங்குலத் திரையோடு வந்த டெஸ்லா மாடல் எஸ் இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது. பழைய பட்டன் போனில் பார்க்காமலே நம்பர் போடலாம், தொடுதிரை போனில் முடியாது அல்லவா? ஓடும் காரில் ஏசியைக் குறைக்கவும் அதே சிக்கல்தான். கண் சாலையை விட்டு விலகுகிறது. என்னைக் கேட்டால் இது நல்லதல்ல. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையும் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் கட்டுப்பாடுகளை எதிர்பார்க்கிறது.

மின்சாரக் கார் என்றாலே எல்லாம் திரையில்தான் இருந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வடிவமைப்பாளரின் தேர்வு, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.