நூலுக்குக் கணக்கு இருக்கிறது, கைக்கு?

கேள்வி: எனக்கு வயது 24. அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், தம்பி படிக்கிறான். கொக்கி ஊசியால் குரோஷே கைப்பைகள் பின்னி விற்றுத்தான் வீடு நடக்கிறது. ஆர்டருக்குக் குறைவில்லை. இரவு ஒரு மணி வரை பின்னுகிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் நூல் வாங்கக் காசில்லை. விலையைக் கூட்டினால், "வெறும் நூல்தானே, இதற்கு இவ்வளவா?" என்கிறார்கள். உறவினர்களோ சும்மாவே கேட்கிறார்கள். விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடட்டுமா?

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். நூல், ஜிப், உள் துணி, பார்சல் கவர் என எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. ஒரு பைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதுதான் எங்கும் இல்லை.

அடுத்த மூன்று பைகளுக்குக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். நூல் முனைகளை ஊசியால் உள்ளே கோத்து மறைப்பது, உள் துணி தைப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, பார்சல் கட்டுவது எல்லாமே வேலை நேரம்தான். அதே பையைப் பின்ன இன்னொரு பெண்ணை அமர்த்தினால் என்ன கூலி கொடுப்பீர்களோ, அதுதான் உங்கள் கூலி. அதைச் சேர்க்காத விலையில், வாங்குகிறவருக்கு நீங்கள் தானம் செய்கிறீர்கள்.

"நூல்தானே" என்பவர்களுக்கு ஒரு செய்தி: அசல் குரோஷே பின்னலைப் போடும் இயந்திரம் சந்தையில் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷே பையும் கூலி குறைந்த யாரோ ஒருவரின் கைவேலைதான். ஆனால் இதையெல்லாம் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். விலையைச் சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். விளக்கம் நீண்டால் பேரமும் நீளும். சிலர் போய்விடுவார்கள். போகட்டும், அவர்களுக்காகத்தான் ஒரு மணி வரை விழித்திருந்தீர்கள்.

ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். சாயமிட்ட தொகுதி எண் மாறினால் அதே நிற நூலிலும் சாயல் மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பைக்கான நூலை மொத்தமாக வாங்க அந்தப் பணம் உதவும்.

பை விற்ற காசில் அப்பா மருந்துக்கு எடுப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நூல் காசில் கை வைப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதுபோல. அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். உங்கள் கூலியை மட்டும் மாதம் ஒரு தேதியில் வீட்டுக்குக் கொடுங்கள். உறவினர்களுக்கு வருடத்துக்கு இரண்டு பை பரிசு. மூன்றாவதற்கு விலை உண்டு, அத்தையே கேட்டாலும்!

வேலைக்குப் போவதா என்பதை மூன்று மாதம் இப்படி நடத்திவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போதும் மணிக்கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் வேலைக்குப் போங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. மணிக்கட்டு மரத்துப்போனால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மணிக்கணக்கை எழுதும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அக்கா எத்தனை மணிக்கு ஊசியைக் கீழே வைக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியட்டும்.