மூடப்போகும் சிக்னல் பாக்ஸ்: எதை முதலில் படம் எடுப்பது?

இங்கிலாந்தின் வடக்கே வசிக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நான் தினமும் ரயில் ஏறும் சின்ன ஸ்டேஷனில் ரயில்களுக்குச் சிக்னல் கொடுக்கும் பழைய சிக்னல் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு அதை மூடிவிட்டு, வேலை முழுவதையும் தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு மாற்றப்போகிறார்களாம். அதற்குள் ஒழுங்காகப் படம் எடுத்து வைக்க ஆசை. என்னிடம் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 55-210. இதுவரை எடுத்த படங்களில் ஜன்னல் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கேட்டால் உள்ளே விடுவார்களா?"

கட்டடத்தைக் கடைசியாக எடுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான், பல பேர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். ஆனால் கட்டடம் அவ்வளவு சீக்கிரம் போகாது. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் சவுத் பாக்ஸ் 1979ல் மூடப்பட்டது, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. 2013ல் மட்டும் 26 பாக்ஸ்களுக்குப் பாதுகாக்கப்பட்ட கட்டட அந்தஸ்து கொடுத்தார்கள். மாற்றம் நடக்கும் வார இறுதியில் காணாமல் போவது மற்றவைதான்: கைகாட்டிகள், அவற்றை இழுக்கும் கம்பிகள், தண்டவாளம் ஓரமாக ஓடும் இரும்புத் தண்டுகள், லெவல் கிராசிங் கேட். வெள்ளிக்கிழமை வரை வேலை செய்த கைகாட்டி திங்கட்கிழமை காலை வெறும் கம்பமாக நிற்கலாம், கம்பமே இல்லாமலும் போகலாம். பாக்ஸில் ஆள் இல்லாமல் போன பிறகு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. அதற்கப்புறம் எடுக்கும் படம் வெறும் கூரையும் சுவரும்தான்.

அதனால் முதல் வேலையாகப் பாக்ஸின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டவாளத்தைப் பார்த்த சுவரின் கீழே ஒரு நீளமான திறப்பு இருக்கும். மேலே லீவரை இழுத்தால் ஏற்படும் அசைவு அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது, கம்பிகள் கைகாட்டிக்கும் தண்டுகள் ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயின்ட்ஸுக்கும் போகும். உங்கள் 55-210 லென்ஸ் இதற்கு அருமையாகப் பொருந்தும். பிளாட்பார முனையிலிருந்தோ ஃபுட்பிரிட்ஜிலிருந்தோ அந்தத் திறப்பில் தொடங்கி, உருளைகள், திசை திருப்பும் கிராங்குகள், கடைசியில் பாயின்ட்ஸ் வரை ஒவ்வொரு கட்டமாக எடுத்துக்கொண்டே போங்கள். நீளமான தண்டுகளின் நடுவில் ஒரு இடத்தில், ஒரு பாதி இந்தப் பக்கம் நகர்ந்தால் மறுபாதி எதிர்ப்பக்கம் நகரும்படி ஒரு இணைப்பு வைத்திருப்பார்கள். வெயிலில் இரும்பு நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் பாயின்ட்ஸ் இடம் மாறாமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்க்கச் சாதாரண இரும்புத் துண்டு மாதிரிதான் இருக்கும், அதனால் யாரும் படம் எடுப்பதில்லை. நீங்கள் எடுங்கள்.

இந்தத் தண்டுகளுக்கு ஒரு எல்லை இருந்தது. பிரிட்டனில் கையால் இயக்கும் பாயின்ட்ஸ் பாக்ஸிலிருந்து 350 கஜம், அதாவது சுமார் 320 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி. ஒரு பெரிய ஸ்டேஷனின் இரண்டு முனைகளிலும் இரண்டு பாக்ஸ் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாக்ஸும் பாயின்ட்ஸும் ஒரே ஃபிரேமுக்குள் வரும்படி ஒரு படமாவது எடுத்தீர்களானால், மனிதனின் கைபலம் எட்டிய தூரம் அதில் பதிந்திருக்கும்.

அடுத்தது கைகாட்டி. ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் நின்று இரண்டு நிலையிலும் எடுங்கள், கை கிடைமட்டமாக நிற்கும்போது ஒன்று, வழி விட்டபோது ஒன்று. உங்கள் பக்கம் பெரும்பாலும் கை மேல்நோக்கி 45 டிகிரி உயரும்; பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் பகுதிகளில் கீழ்நோக்கி இறங்கும். சாம்பல் நிற வானத்துக்கு எதிரே எடுத்தால் கேமரா வானத்தைப் பார்த்து ஏமாந்து கையைக் கறுப்பாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும்: சிவப்புக் கையின் முதுகு வெள்ளை, அதில் கறுப்புப் பட்டை. அப்புறம் கையோடு சேர்ந்த வண்ணக் கண்ணாடிகளை நெருக்கமாக எடுங்கள். பச்சைக்கு உரிய கண்ணாடி பகலில் பார்த்தால் பல கைகாட்டிகளில் நீலமாகத்தான் தெரியும். எண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அந்த நீலத்தின் வழியாக வரும்போது ஓட்டுநருக்குப் பச்சையாகத் தெரியட்டும் என்று அப்படிச் செய்தார்கள். கணினியில் வண்ணம் திருத்தும்போது "இது தப்பாக இருக்கிறதே" என்று அதைப் பச்சையாக்கிவிடாதீர்கள்.

கை எப்போது அசையும் என்று தெரிந்துகொள்ளச் செவிதான் நல்ல வழி. ரயில் வருவதற்குச் சற்று முன்னால்தான் சிக்னலர் லீவரை இழுப்பார், இழுத்ததும் தண்டவாளம் ஓரம் கம்பி விறைத்துச் சரசரக்கும், கப்பிகள் கிறீச்சிடும், உடனே கை எழும். இரண்டு மூன்று நாள் நின்று கவனித்தால் அந்தச் சத்தத்துக்குக் கேமரா தானாகக் கண்ணுக்குப் போய்விடும். கேமராவில் வீடியோ இருக்கிறதே, அந்தச் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் ஜன்னல் பிரச்சினைக்கு வருகிறேன். என் பார்வையில் ஒரு சிக்னல் பாக்ஸின் முழுப் பொருளும் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது. எதற்காக மாடி உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டினார்கள்? பாதையின் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க வேண்டும், முன்னால் போன ரயில் முழுவதுமாக வெளியேறிய பிறகே அடுத்ததை விட வேண்டும். முழுவதுமாக வெளியேறியது எப்படித் தெரியும்? கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், அதைச் சிக்னலர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பின்னால் உள்ள பாக்ஸுக்கு மணியில் இரண்டு தட்டு, இடைவெளி விட்டு ஒரு தட்டு. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே ஞாயிறு பள்ளிச் சுற்றுலா ரயிலின் பெட்டிகள் பிரிந்து பின்னோக்கி ஓடி அடுத்து வந்த ரயிலில் மோதின, சுமார் 80 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டு வந்த சட்டம் இந்தப் பகுதி முறையையும், லீவர்களுக்கிடையே முரணான அசைவைத் தடுக்கும் இன்டர்லாக்கிங்கையும் பயணிகள் பாதைகளில் கட்டாயமாக்கியது. இப்போது அந்தக் கண்ணின் வேலையைத் தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்சாரமோ, உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணிப் பார்க்கும் கருவியோ செய்கிறது. புதிய கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தண்டவாளத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக, நீங்கள் படம் எடுக்க வேண்டியது, பார்ப்பதற்காகவே கட்டிய ஒரு அறையை.

கண்ணாடியில் வானம் தெரிவதற்குக் காரணம் நீங்கள் கீழே பிளாட்பாரத்தில் நின்று மேலே பார்ப்பதுதான். அந்தக் கோணத்தில் கண்ணாடி வானத்தைத்தான் திருப்பிக் காட்டும். ஃபுட்பிரிட்ஜ் இருந்தால் அதன் மேல் ஏறி, ஜன்னல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுங்கள். இப்போது கண்ணாடி தரையையும் தண்டவாளக் கல்லையும் பிரதிபலிக்கும், அவை இருட்டு, அதனால் உள்ளே லீவர்கள் தெரிய ஆரம்பிக்கும். போலரைசர் ஃபில்டர் வாங்கலாம், ஆனால் கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரி சாய்வில் நின்றால்தான் அது நன்றாக வேலை செய்யும், நேர் எதிரே நின்றால் பயனில்லை. எனக்குப் பிடித்த வழி அந்தி. சூரியன் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து, வானத்தின் வெளிச்சமும் உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சமும் சமமாகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்று வரும். அதற்கு முன் உள்ளே இருட்டு, அதற்குப் பின் வெளியே இருட்டு. டிசம்பரில் உங்கள் ஊரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், குளிர்காலத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பினால் போதும். ஐ.எஸ்.ஓ. 1600லிருந்து 3200, ஷட்டர் 1/60, கம்பத்தில் சாய்ந்துகொண்டு RAW கோப்பாக எடுங்கள். சிக்னலரின் முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

உள்ளே விடுவார்களா என்றால், வேலையில் இருக்கும் பாக்ஸின் கதவைத் தட்டவே தட்டாதீர்கள். 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில்லில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்தில், வேலை மாறும் நேரத்தில் பாக்ஸுக்குள் வேறு ரயில்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்ததும், சிக்னலர்களின் கவனம் சிதறியதும் விசாரணையில் வந்தன. தன் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த ரயிலையே மறந்து இன்னொரு ரயிலுக்கு வழி விட்டுவிட்டார்கள். அதனால் ரயில் பாதைகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரெயிலுக்கு முறையாக எழுதிக் கேளுங்கள், கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் உட்புறத்தை வேறு இடத்தில் எடுக்கலாம்: நான் சொன்ன செயின்ட் ஆல்பன்ஸ் சவுத்தைத் தன்னார்வலர்கள் சீர்படுத்தி ஆண்டில் சில நாட்கள் திறந்துவைக்கிறார்கள், குரூவில் உள்ள பாரம்பரிய மையத்தில் எக்ஸெட்டர் வெஸ்ட் பாக்ஸையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே லீவர் நிறங்களைக் கவனியுங்கள், நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, தொலைவு எச்சரிக்கைக்கு மஞ்சள், பாயின்ட்ஸுக்குக் கறுப்பு, பாயின்ட்ஸ் பூட்டுக்கு நீலம், உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை. லீவரின் மேல் ஒரு துணி தொங்கும், கை வியர்வை பட்டு எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். அந்தத் துணி இல்லாமல் லீவரை எடுக்காதீர்கள். பெரிய பாக்ஸ் பார்க்க வேண்டுமானால் ஷ்ரூஸ்பரிக்கு ஒரு நாள் போய்வாருங்கள், 1903ல் கட்டிய செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் பாக்ஸில் 180 லீவர்களுக்கு இடம் உண்டு, பிளாட்பாரத்திலிருந்தே தெரியும்.

புதியதை அலட்சியம் செய்துவிடாதீர்கள் என்று இதைப் படிக்கும் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன். 800க்கும் மேற்பட்ட பாக்ஸ்களின் வேலையைச் சுமார் 12 மையங்களுக்குள் கொண்டுவருவது நெட்வொர்க் ரெயிலின் திட்டம், அதன் நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். இன்று புதியதாகத் தெரிவதும் போகும். 1966ல் திறந்த பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் பாக்ஸ் அந்தக் காலத்தின் நவீனம், கான்கிரீட் கோட்டை மாதிரி இருக்கும். அதன் வேலையும் 2022 இறுதியில் முடிந்துவிட்டது. வேல்ஸின் கேம்ப்ரியன் பாதையில் 2011 முதல் ஓட்டுநருக்குச் சிக்னல் அவருடைய திரையிலேயே வந்துவிடுகிறது, ஓரத்தில் நீலப் பலகையில் மஞ்சள் அம்புக்குறி மட்டும் நிற்கிறது. உங்கள் ஸ்டேஷனில் மாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே சாம்பல் நிற இரும்பு அலமாரிகள், புதிய கேபிள் கால்வாய், பை போட்டு மூடிய அல்லது சாய்த்து வைத்த எல்.இ.டி. சிக்னல்கள் வரத் தொடங்கும். பழைய கைகாட்டியும் மூடிய புதிய சிக்னலும் அருகருகே நிற்கும் அந்த வாரங்கள் திரும்ப வராது. உங்கள் நேரத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். எல்.இ.டி. சிக்னல் எரியத் தொடங்கிய பிறகு எடுக்கும்போது வேகமான ஷட்டரில் சில சமயம் அணைந்தது போல் பதியும், 1/50க்குக் கொண்டுவந்து நான்கைந்து எடுங்கள். ஒளி ஓட்டுநரின் கண்ணை நோக்கிக் குவிந்திருப்பதால் பக்கத்திலிருந்து மங்கலாகத்தான் இருக்கும், பிளாட்பாரத்தில் ரயில் வரும் திசையில் பின்னால் நகர்ந்து பாருங்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுப்பதற்குத் தடையில்லை, ஊழியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஃபிளாஷ் எப்போதும் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, ரயில்வே ஊழியரின் பாதுகாப்பு உடை நிறத்தில் சட்டை போடாதீர்கள், ஓட்டுநர் குழம்புவார். வேலிக்கு உள்ளே ஒரு அடி வைத்தாலும் அது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம், அதைவிட முக்கியமாக உயிர்.

கடைசி நாள் கூட்டத்தை நம்பாதீர்கள். மாற்றத்துக்காகப் பாதையை மூடும்போது ரயிலே ஓடாது, கூட்டமும் அதற்கு முந்தைய மாலையில்தான் இருக்கும், நிம்மதியாக நிற்க முடியாது. பதிலாகப் பிளாட்பாரத்தில் பாக்ஸ், ஒரு கைகாட்டி, தண்டவாள வளைவு மூன்றும் வரும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒரு அடையாளத்தின் பக்கத்தில் நின்று, 18-55ஐ அதே எண்ணில் வைத்து மாதம் ஒரு படம் எடுங்கள். மூடிய பிறகும் ஒரு வருடம் தொடருங்கள். ஒவ்வொரு சிக்னல் கம்பத்திலும் எழுத்தும் எண்ணும் போட்ட ஒரு தகடு இருக்கும், அந்த எழுத்து எந்தப் பாக்ஸின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, கட்டுப்பாடு மாறினால் தகடும் மாறும். எல்லாத் தகடுகளையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், கோப்பின் பெயரில் தேதி, பாக்ஸ் பெயர், தகட்டு எண், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள்.